பத்து வருஷம் தாங்குவதையே போடச் சொல்லுங்கள்

என்னங்க, கண் டாக்டரைப் பார்க்க பஸ்ஸில் போகிறேன். சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது.

பத்து மணிக்கு மெக்கானிக் போன் செய்வார். காரின் பின்பக்கம் தினமும் இறங்கி உட்கார்ந்துவிடுகிறதே, அதைச் சக்கரத்துக்கு மேல் தூக்கிப் பிடிக்கிற புதுக் காற்றுப் பை மலிவானதா, உசத்தியானதா என்று கேட்பார்.

நேற்று அவர், "இது ரெண்டு வருஷம், அது பத்து வருஷம் தாங்கும்"னதும், "பத்து வருஷத்துக்கு நாங்க தாங்கணுமேப்பா, மலிவே போதும்"னு சிரித்தீர்கள். அதிலிருந்துதான் உங்களோடு பேசவில்லை. தொண்டைக்கட்டு என்றது பொய்.

உசத்தியானதையே போடச் சொல்லுங்கள். "ஏன் சார் மனசு மாறிட்டீங்க?" என்று கேட்டால், "வீட்டுக்காரி இன்னும் பத்து வருஷம் என்கூட கார்ல சுத்தணுங்கறா"ன்னு சொல்லுங்கள்.

மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால்.

இன்னொன்று: பதினைந்து வருஷம் தாங்குவது இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.