வெளுத்த மூக்கு

வைகாசி, செவ்வாய்

இன்று அரியலூர் ஐஸ்கிரீம் குடோனுக்குள் பயிற்சி. தென் துருவத்துக்குப் போகப் பெயர் கொடுத்த ஐந்து பேரில் ஒருத்தரைக் கழிக்கப்போவதாகப் பயிற்சி கொடுக்கிற சார் காலையிலேயே சொல்லிவிட்டார். அது நான்தான் என்று எனக்குத் தெரியும். பனியில் சாமான் வண்டி இழுக்கப் பழகுவதற்காக இடுப்பில் டயரைக் கட்டி இழுப்பதில் நான் எப்போதும் கடைசி. செல்வி முதல்.

எனக்கு ஜோடியும் அவள்தான். குளிரில் மூக்கு மரத்துப்போனால் நமக்கே தெரியாது. அதனால் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் ஜோடி முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வெளுத்திருந்தால் உடனே வெளியே கூட்டி வர வேண்டும்.

"அக்கா, எம் மூஞ்சி எப்படி இருக்கு?"

மூக்கு நுனி மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. "நல்லாருக்கு" என்றேன். மூன்று தரம் கேட்டாள். மூன்று தரமும் அதையேதான் சொன்னேன்.

வெளியே வந்ததும் அவள் மூக்கு வீங்கி, சாயங்காலத்துக்குள் கொப்புளம் கட்டியது. சார் என்னை முறைத்தார். நான் வாயைத் திறக்கும் முன்னே செல்வி சொன்னாள்: "அக்கா சொன்னாங்க சார். நாந்தான் வரமாட்டேன்னு நின்னுட்டேன்."

சொன்ன பேச்சு கேட்காதவள் வேண்டாம் என்று அவளைக் கழித்துவிட்டார்.

இவளை யார் பொய் சொல்லச் சொன்னது? அதை நினைத்தால்தான் ஆத்திரமாக வருகிறது.

ஜெயங்கொண்டம் பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். துப்பட்டாவை விலக்கி முகத்தைக் காட்டினாள்.

"இப்ப எப்படிக்கா இருக்கு?"

"நல்லாருக்கு" என்றேன்.