நீ பார்க்காத கடைசிக் கால் மணி நேரம்

என் பிரியத்துக்குரிய பாக்கியம்,

எண் போட்டுக்கொண்டால்தான் எனக்கு எழுத வரும். கல்லூரி நூலகத்தில் முப்பத்தோரு வருடம் அட்டை எழுதிய கை. கல்யாணமான புதிதில் உனக்கு எழுதிய கடிதத்தைக்கூட நீ உன் தம்பியிடம் காட்டி, "இது கடுதாசியா, மளிகைச் சிட்டையா?" என்று சிரித்தாயாமே. இப்போதும் அப்படித்தான். சொல்ல நினைத்தவை:

1. உன் வருஷத் திதி முடிந்த பிறகு, பதினைந்து நாளைக்குள் ஐந்து இடங்களுக்குப் போய் வந்தது; ஆறாவதுக்கும் போகச் சம்மதித்தது.
2. போன இடத்தில் சிரித்தது.
3. உன்னை வாழ்நாள் முழுக்க ஒரு சினிமாவுக்கும் போகவிடாமல் வீட்டில் உட்கார வைத்தது.
4. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்பது.

இந்த நான்கையும் எழுதி வைத்தது போன சனிக்கிழமை. ஆறாவது இடத்துக்கும் போய் வந்துவிட்டு இன்று மீதியை எழுதுகிறேன். மேலே உள்ளதை அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். காரணம் கடைசியில் தெரியும். மூத்தோர் சங்கத்து இதழுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள், இதைத்தான் கொடுக்கப்போகிறேன். நாலு பேர் படிப்பார்கள். உனக்குக் கூச்சமாக இருக்கும். எனக்கும்தான்.

திதிக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்த நம் செல்வி உடனே திரும்பவில்லை. மூன்றாம் நாள் காலையில், நான் நாளிதழை மடித்து வைக்கும்வரை காத்திருந்து, "ஒரு வருசமா இந்த நாக்காலிய விட்டு நீங்க எந்திரிக்கல. பதினஞ்சு நாளு லீவு போட்ருக்கேன். நான் சொல்ற எடத்துக்கெல்லாம் வாரீக" என்றாள். அது உன் குரல். நான் மறுத்துப் பேசியதே இல்லாத குரல். மறுப்பதற்கு வேறு வழிகள் வைத்திருந்தேன், அது வேறு.

காரைக்குடியில் ஒரு படம். மதுரையில் ஒரு படம். அங்கே நகரும் படியில் கால் வைக்கப் பயந்து, செல்வி மேலேயும் நான் கீழேயுமாகக் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். கண்டரமாணிக்கத்தில் திருவிழா நாடகம். ஊரில் ஒரு பட்டிமன்றம். கோட்டையூரில் உன் தம்பி முத்தையா வீட்டில் கறிச்சோறு. நீ இருந்தபோது ஒரு வருடத்தில்கூட நாம் இத்தனை இடத்துக்குப் போனதில்லை.

காரைக்குடியில் பார்த்தது கொலைப் படம். முடிய இன்னும் கால் மணி நேரம் இருக்கும்போது நான் எழுந்துவிட்டேன். எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தால் படிக்கட்டில் நெரிசலாகும் அல்லவா?

"அப்பா, கொலகாரன் யாருன்னே இன்னும் சொல்லல, அதுக்குள்ள எந்திரிக்கிறீகளே!" என்றாள் செல்வி.

"யாரோ ஒருத்தன்தானே, வாம்மா" என்றேன். பின்னால் இருந்தவர் எங்களை உட்காரச் சொன்னார், மரியாதை இல்லாமல். மதுரையிலும் அப்படியே கிளம்பினோம். நாடகத்திலும், வள்ளலாய் இருந்த ராஜாவைச் சிறையில் போட்டதுமே கிளம்பிவிட்டோம். அவர் வெளியே வந்தாரா என்று எனக்குத் தெரியாது.

இரண்டாவது, சிரித்தது. அந்த நாடகத்தில் பஃபூன் என்னைப் பார்த்துவிட்டான். "முன் வரிசையில வெள்ளைச் சட்டை போட்ட ஐயா! பொழுது சாஞ்சதுலேருந்து பாக்குறேன், மூஞ்சி இஸ்திரி போட்ட மாதிரியே இருக்கு. சிரிச்சா மடிப்புக் கலைஞ்சிருமோ?" என்றான். சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்கு எப்படி வந்ததென்று தெரியவில்லை, விழுந்து விழுந்து சிரித்தேன் பாக்கியம். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். உன் திதி முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ஏறியதும் துண்டைப் போட்டுப் பக்கத்து இருக்கையைப் பிடித்தேன். செல்வி முன்னால் பெண்கள் வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். ஒருவர் வந்து, "ஆள் வருதாங்கய்யா?" என்று கேட்டார். நான் யாருக்கு இடம் போட்டேன்?

மூன்றாவதை எழுதத்தான் கை வரவில்லை. கல்யாணமான வருடம் உன்னைப் படத்துக்குக் கூட்டிப் போனேனே, டிக்கெட் வரிசையில் யாரோ தள்ள, உன் கையை விட்டுவிட்டேன். இரண்டு நிமிடம் இருக்கும். நீ சோடாக் கடை ஓரத்தில், உடைந்த வளையல் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாய். நான்தான் நடுங்கிப் போனேன். படம் போடுவதற்கு முன்பே வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். "கூட்டம் நமக்கு ஆகாது" என்றேன். பயம் எனக்கு, "நமக்கு" என்று சொல்லி உன்னையும் சேர்த்துக்கொண்டேன். அதன் பிறகு ரொம்ப வருடம் நீ கேட்கவே இல்லை. நானும் அதை உன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரே ஒரு தடவை கேட்டாய். கீரை ஆய்ந்துகொண்டே, நிமிராமல், "ஏங்க, ஒரு படத்துக்குப் போவமா? ரெண்டு பேருமா?" என்றாய். "கூட்டம் குறையட்டும்" என்றேன். கூட்டம் குறைந்தது, படத்தைத் தூக்கிவிட்டார்கள். அப்புறம் நீ படுத்துவிட்டாய்.

இதுவரை சனிக்கிழமை யோசித்து வைத்தது. இனி ஆறாவது இடம்.

நேற்று முத்தையாவின் பேத்திக்குக் காதுகுத்து. நம் வீட்டிலிருந்து எட்டு நிமிட நடையில், முன்பு தியேட்டராக இருந்து இப்போது கல்யாண மண்டபமாகிவிட்டதே, அங்கே. சாப்பிட்டுவிட்டு, கூட்டத்துக்கு ஒதுங்கி ஒரு தூண் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். தெய்வானை வந்தாள். நம் பக்கத்து வீட்டு ஆசாரி சம்சாரம். நாலு வருடத்துக்கு முன் மகனோடு இருக்கக் கோட்டையூருக்குப் போனாளே, அவள்தான். முழங்கால் சுத்தமாகப் போய்விட்டது, கம்பு ஊன்றி வந்தாள்.

"என்னண்ணே, சரியா பாக்கியம் எடத்துல வந்து உக்காந்துட்டீக?" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"இந்தத் தூணு ஓரந்தான். அவ இங்கிட்டு, நான் அங்கிட்டு. காத்தாடிக்கு நேரா. செவ்வாக்கெழம மேட்னி எத்தன பாத்திருப்போம்!" என்றவள், என் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆத்தீ! இன்னுமா உங்களுக்குத் தெரியாது?"

உன் தம்பி வெற்றிலைத் தட்டோடு வந்தவன் அங்கேயே நின்று சிரித்தான். "மச்சான், உங்களத் தவிர தெருவுக்கே தெரியும். முறுக்கு விக்கிறவருக்குக்கூடத் தெரியும்."

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று நான் கேட்டது எனக்கே கேட்கவில்லை. தெய்வானைக்குக் கேட்டிருக்கிறது.

"நானும் கேட்டேண்ணே. 'அவுகளுக்குச் சொன்னா அன்னைக்கிப் பூரா வேல ஓடாது. எனக்கு என்ன ஆச்சோ ஏதாச்சோன்னே உக்காந்திருப்பாக. பாவம், விடு'ன்னுட்டா. உங்க பஸ்சு அஞ்சே காலு, வீட்டுக்கு வர அஞ்சு இருவது. ஒரு நாளும் மாறாதுல்ல? அதுனால அவளுக்குப் பயமே இல்ல. ஆனா அஞ்சு மணி ஆனாப் போதும், திரையில என்ன நடந்தாலும் எந்திரிச்சிருவா. உங்களுக்குக் காப்பி போடணும்ல. நான் முழுசும் பாத்துட்டு வந்து, மறுநா கொழாயடியில முடிவச் சொல்லுவேன்."

கம்பைத் தடவிக்கொண்டே தொடர்ந்தாள். "அதுலயும் ஒரு திருட்டு. செத்தவனையெல்லாம் நான் பொழைக்க வச்சிருவேண்ணே. பிரிஞ்சவுகள சேத்து வச்சிருவேன். இல்லாட்டி கொடத்த வச்சுக்கிட்டு அங்கனயே அழுவா. அவளுக்குக் கடைசி வரைக்கும் எந்தப் படத்துக்கும் நெச முடிவு தெரியாது" என்றாள். சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பாக்கியம், சில நாள் காப்பியில் சீனி இருக்காது. நீ மேல்மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பாய். அடுப்படிச் சூடு என்று நினைத்தேன். கேட்டால் நீ வருத்தப்படுவாயென்று, ஒன்றும் சொல்லாமல் குடித்துவிடுவேன். அதெல்லாம் செவ்வாய்க்கிழமைகளா? பயந்தவன் என்று என்னைத் தெரிந்துகொண்டு, என் பயத்துக்கும் ஒரு நேரம் ஒதுக்கி, மீதியில் நீ வாழ்ந்தாயா? எனக்குக் கோபம் வரவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம்தான் அந்தக் கீரை ஆய்ந்த நாள் நினைவுக்கு வந்தது.

தெய்வானை ஊரை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது அப்போது. துணைக்கு ஆள் இல்லாமல்தான் என்னைக் கேட்டாயா? அல்லது நானே பக்கத்தில் இருந்தால், யாருக்கும் காப்பி போட எழுந்து ஓட வேண்டாம், ஒரு படத்தையாவது முழுதாகப் பார்க்கலாம் என்றா? "ரெண்டு பேருமா" என்று நீ தனியாகச் சொன்னதை நான் ஏன் அன்று கவனிக்கவில்லை?

செல்வி இன்று காலை ரயிலேறிவிட்டாள். செல்போனில் டிக்கெட் எடுப்பது எப்படி என்று, எண் போட்டு எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். வரும் செவ்வாய்க்கிழமை அந்தக் கொலைப் படத்துக்கே மறுபடி போகிறேன். பக்கத்து இருக்கைக்கும் சேர்த்து எடுப்பேன். துண்டு போட வேண்டியதில்லை. விளக்குப் போட்டு, கூட்டமெல்லாம் எழுந்து, இடித்துக்கொண்டு படியிறங்கி முடியும்வரை உட்கார்ந்திருப்பேன். பயம் வரும். வரட்டும். கொலைகாரன் யார் என்று வீட்டுக்கு வந்து உனக்குச் சொல்வேன். தெய்வானையைப் போல மாற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது. செத்தவர் செத்தவராகத்தான் இருப்பார். நீ அழுதால் அழுதுகொள். இந்தத் தடவை அவசரம் ஒன்றும் இல்லை.

ஒரு திருத்தம். மூன்றாம் எண்ணில் எழுதியது தவறு. உன்னைப் படம் பார்க்கவிடாமல் நான் செய்யவில்லை. அது என் கையில் இருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். முடிவைப் பார்க்கவிடாமல்தான் செய்திருக்கிறேன்.

நான்காம் எண்ணில் மாற்றம் இல்லை.

என் பெயரைச் சொல்லாமல் நீ கூப்பிட்டபடியே,
செல்வி அப்பா