பிரிவுகளுக்கு நடுவே ஓர் ஆள் வேண்டி

அனுப்புநர்:
தெ. சத்யப்பிரியா,
த/பெ. தெய்வநாயகம்,
பிள்ளைச்சாவடி, புதுச்சேரி.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
நெய்தல் பொது மருத்துவமனை, புதுச்சேரி.

பொருள்: கேஸ் மேனேஜர் பணியிடம் காலியாக இருப்பதும், அதனால் என் தந்தையின் அறுவை சிகிச்சை தடைப்பட்டதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தந்தை கடலுக்குப் போகிறவர். சர்க்கரை நோயால் கால் விரலில் வந்த புண்ணுக்குத் தங்கள் மருத்துவமனையில் சிகிச்சை பெறுகிறார். சர்க்கரை, இதயம், அறுவை என மூன்று பிரிவுகளில் பார்க்கிறார்கள்.

2. கேஸ் மேனேஜராகக் கலையரசி அவர்கள் இருந்தவரை இது பாரமாகத் தெரியவில்லை. மூன்று மருத்துவர்களிடமும் அவரே பேசிவிட்டு, அம்மா மீன் விற்றுத் திரும்பும் நேரம் பார்த்துப் போன் செய்து, செய்ய வேண்டியதை ஒரே சேதியாகச் சொல்வார். அவரைக் காப்பீட்டுப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை.

3. அறுவை சிகிச்சைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னது அறுவைப் பிரிவு. காலை இன்சுலினைத் தவறவிடவே கூடாது என்றிருந்தது சர்க்கரைப் பிரிவு. டாக்டர் பேச்சை மீறிப் பழக்கமில்லாத என் பெற்றோர் இரண்டையும் செய்தார்கள். அப்பா சர்க்கரை தாழ்ந்துபோய் லிப்ட் வாசலில் மயங்கி விழுந்தார். பிழைத்தது தங்கள் செவிலியர்களின் புண்ணியம். அறுவை சிகிச்சை தள்ளிப்போனது.

4. விசாரித்தால், “நாங்க சொன்னது சரிதாம்மா” என்கிறது ஒவ்வொரு பிரிவும். அதுவும் உண்மைதான். எனது முந்தைய மனுவுக்கு, எந்தப் பிரிவின் மீது புகார் என்று தெளிவுபடுத்தும்படி பதில் வந்தது. ஐயா, எந்தப் பிரிவின் மீதும் எனக்குப் புகார் இல்லை. பிரிவுகளுக்கு நடுவில் ஆள் இல்லை என்பதே புகார். இங்கே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் லீவு சொல்லிச் சொல்லி, அந்த ஆளாக நானே அலைந்து பார்த்தேன். சலித்துவிட்டது.

5. அன்று விரலோடு போயிருக்கும். இப்போது கணுக்கால் வரை எடுக்க வேண்டும் என்கிறார்கள். “கால எடுத்துட்டா போட்டுல எப்படி நிக்கிறது, நான் வரல” என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கெஞ்சிச் சம்மதிக்க வைத்திருக்கிறோம்.

6. வரும் வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. மறுபடியும் வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். இன்சுலின் ஊசியைப் பற்றிக் கேட்டால் ஒரு பிரிவு மற்றதைக் கைகாட்டுகிறது.

கலையரசி அவர்களையோ வேறொருவரையோ அப்பணியில் அமர்த்த வேண்டுகிறேன். ஆணை, ஒப்புதல் என்று அதற்கு நாளாகும் என்பது தெரியும். ஆகவே இப்போதைக்கு, வியாழன் காலை அம்மா ஊசியைக் கையில் எடுக்கும் முன், போடலாமா கூடாதா என்பதை யாராவது ஒருவர், ஒரே ஒருவர், எங்களுக்குச் சொல்ல ஏற்பாடு செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: புதுச்சேரி
நாள்: 11.03.2025

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
தெ. சத்யப்பிரியா