செருப்பைக் கழற்றும் காட்சி

மார்ச் 14, வெள்ளி

எங்கள் தேயிலை மலையில் இன்று சிங்களப் படம் எடுத்தார்கள். கொழுந்து பறிப்பவளாக நடிக்க என்னையும் கூப்பிட்டார்கள். பேச்சே கிடையாதாம். முதல் பிடிக் கொழுந்தைக் கூடையில் போடும்போது பழக்க தோஷத்தில் "பொலி" என்று கத்திவிட்டேன். நிரையில் நின்ற அத்தனை பேரும் "பொலியோ பொலி" என்றார்கள். காட்சி கெட்டுப்போனது.

டைரக்டர் திட்டவில்லை, என்ன அது என்று கேட்டார். கொழுந்து பெருகட்டும் என்று வேண்டுவது என்று சிங்களத்திலேயே சொன்னேன். எனக்கு அந்தப் பாஷை வராது என்று நினைத்திருந்தாராம். எரிச்சலாக இருந்தது. இங்கேயே பிறந்தவள் நான். ஆனால் பொலியோடுதான் மறுபடி எடுத்தார்.

அந்தத் துணிச்சலில் இன்னொன்றும் சொன்னேன். நாளைக்குத் தோட்டத்துத் துரை வரும் காட்சியில் நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து நிற்க வேண்டுமாம். இப்போது யாரும் அப்படி நிற்பதில்லை என்றேன். யோசிக்கிறேன் என்றார்.

"ஒனக்கு ஏன்டி வம்பு, படந்தானே?" என்றாள் பக்கத்து நிரை புஷ்பம்.

படம்தான். கொழும்பில் அதைப் பார்க்கிறவர்களுக்கு நாங்கள் அப்படித்தான் என்று ஆகிவிடும்.

என்ன சொல்வாரோ தெரியவில்லை. இன்று காது கொடுத்துக் கேட்டார். செருப்பைத் தேய்த்துக் கழுவி வாசலில் வைத்திருக்கிறேன்.