வாசனை போகும்வரை

அன்புள்ள லொரேன்,

உன் முழங்கால் வலி குறைந்ததா? டகோட்டாவில் எனக்குக் குளிரைத் தவிர ஒரு குறையும் இல்லை.

நம் வெஸ்லியின் பாம்புக்குப் பலகையில் பெட்டி செய்து, மூட்டுகளைச் சிலிக்கோன் பசை வைத்து அடைத்து, மூன்று முறை வார்னிஷ் அடித்தேன். என் அவசரம்தான் உனக்குத் தெரியுமே, அன்றே பாம்பை உள்ளே விடப் போனேன். அறையில் உடன் தங்கியிருக்கும் கர்டிஸ் கையைப் பிடித்துவிட்டான்.

"யோவ், முதல்ல மூக்க உள்ள விட்டுப் பாரு! வார்னிஷ் வாசனை போகாம பாம்ப விட்டா மூச்சு முட்டிச் செத்துடும். அப்புறம் உன் பையனுக்கு என்ன பதில் சொல்லுவ?"

வெஸ்லி இறந்துபோனதை நான் அவனிடம் சொல்லவில்லை.

ஒன்பது நாள் காத்திருந்தேன். இப்போது பெட்டியில் வாசனையே இல்லை. பாம்பு சுகம்.

அதைத் தூக்கிப்போக வெஸ்லி ஒரு தலையணை உறை வைத்திருந்தானே, அதை அனுப்பு. துவைத்துவிடாதே. பாம்புக்காகத்தான் கேட்கிறேன்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

டேல்