கயல்விழியின் மாமியார்

சிதம்பரம்,
ஐப்பசி கடைசி வாரம்

அன்புள்ள வெண்மதிக்கு அம்மா எழுதுவது.

நான் நலமாக இருக்கிறேன். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை, ஒரு தவறான செய்தியைத் திருத்துவதற்காக எழுதுகிறேன். எனக்கு ஞாபகம் தப்புகிறது, உறவுமுறையே குழம்பிப் போய்விட்டது, இனிமேல் தனியாக விட்டுவைக்கக் கூடாது என்று கடலூரில் உன் அண்ணன் வீட்டிலும் இங்கே நம் தெருவிலும் பேசிக்கொள்கிறார்கள். அது உண்மையில்லை. காலையில் நானேதான் காபி போட்டுக்கொள்கிறேன், நானேதான் கடைக்குப் போகிறேன், கேஸ் அடுப்பை ஒருநாளும் அணைக்காமல் விட்டதில்லை. எதிர்வீட்டு சௌந்தரம் நேற்று வந்து, என்ன டீச்சரம்மா, ஒங்களுக்கு எல்லாம் மறந்து போச்சாமே, நல்லதாப் போச்சு, ஒங்ககிட்ட வாங்குன இட்லிக் குண்டான நான் திருப்பித் தர வேணாம்ல என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். போன பொங்கலுக்கு வாங்கியது, மூடியோடு தா என்றேன். அவள் கேலி செய்தாள், எனக்கு வருத்தமில்லை. இந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று தெரிந்த பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. அது டொரண்டோவில் உன் கம்ப்யூட்டரிலிருந்து கிளம்பியிருக்கிறது. போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன், சொல்ல வேண்டியது நின்றுபோகும். அதனால் எழுதுகிறேன், கடைசிவரை படி.

போன ஆனியில் நீதான் கேட்டாய். எங்கள் ஆபீசில் இந்த ஏஐ சாட்பாட்டுகள் தமிழில் எவ்வளவு தூரம் யோசிக்கின்றன என்று சோதிக்கிறோம், புத்தகத்தில் இல்லாத தர்க்கப் புதிர்கள் வேண்டும், நீ எத்தனை வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள், எழுதிக் கொடு அம்மா என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைக்கவில்லை. மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு புதிரையும் மூன்று முறை போட்டுப் பார்த்து, விடையும் விளக்கமும் எழுதி அனுப்பினேன். அதற்குப் பிறகு அதைப் பற்றி உன்னிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் அறிவழகன் சாப்பிட வா என்று கூப்பிட்டான், கடலூருக்குப் போனேன். உன் அண்ணி மாலதி வஞ்சிரக் குழம்பு வைத்திருந்தாள், குழம்பு நன்றாகத்தான் இருந்தது. இலையில் கை வைத்ததும் அத்தை, இன்னிக்கு என்ன கெழம, எந் தம்பி பேரு என்ன, சொல்லுங்க பாப்போம் என்று குழந்தையிடம் கேட்பதுபோலக் கேட்டாள். உன் தம்பி பெயர் அருண்பாண்டியன், உன் கல்யாணத்தில் பாயசம் இரண்டாம் தடவை வரவில்லை என்று பந்தியை விட்டு எழுந்து போனவன், அதுவும் ஞாபகம் இருக்கிறது என்றேன். அதோடு அவள் நிறுத்திக்கொண்டாள். அப்புறம் உன் அண்ணன் மெதுவாக ஆரம்பித்தான். யம்மா, கோவப்படாத, நான் சொல்லல, வெண்மதிதான் அனுப்பிருக்கா, கம்ப்யூட்டரே சொல்லுது என்று போனை நீட்டினான். அம்மாவின் விடைகளில் மூன்று தவறு, உறவுமுறையைக் குழப்பி எழுதியிருக்கிறாள், பயமாக இருக்கிறது, நரம்பு டாக்டரிடம் காட்டு அண்ணா என்று நீ எழுதியிருந்தாய். அதற்குக் கீழே அந்த இயந்திரம் ஆங்கிலத்தில் எழுதிய குறிப்பு. இந்தப் புதிர் சாத்தியமற்றது, எழுதியவருக்கு மாமியாரும் பாட்டியும் யார் யார் என்பதில் குழப்பம் இருக்கலாம் என்று. அதைப் பிரிண்ட் எடுத்து டாக்டரிடம் காட்டப் போகிறானாம். தை பிறந்ததும் சிதம்பரம் வீட்டைப் பூட்டிவிட்டு என்னைக் கடலூருக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்வதாக முடிவாகிவிட்டதாம். சிப்காட்டில் ஷிப்டு மாறி மாறி வேலை பார்க்கிறவன், திடீரென்று எனக்கு ஏதாவது ஆனால் ஓடிவர முடியாது என்கிறான். அவன் பயம் நியாயமானது. அவனை நான் திட்டவில்லை.

இப்போது அந்தப் புதிர்களுக்கு வருகிறேன். ஒன்றில் தவறு என்னுடையது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடலூரிலிருந்து சிதம்பரம் வரும் பஸ்ஸில் நாலு பேர் இறங்கும் வரிசையைக் கேட்டிருந்தேன். ஒரே நிறுத்தத்தில் இரண்டு பேர் இறங்கலாமே, அப்படி இறங்கக் கூடாது என்று எழுதவில்லையே என்று அது கேட்டிருக்கிறது. சரியான கேள்வி. அந்த மார்க்கை அதற்குக் கொடுத்துவிட்டேன், புதிரையும் திருத்திவிட்டேன். ஆனால் புலி, ஆடு, புல்லுக்கட்டுப் புதிரைப் பார். எல்லாருக்கும் தெரிந்த கதை என்பதால் வேண்டுமென்றே மாற்றி, வெள்ளாற்றில் நிற்கும் ஓடம் பெரியது, ஓடக்காரனோடு மூன்றையும் ஒரே நடையில் ஏற்றலாம், அவன் பக்கத்தில் இருக்கும்வரை எதுவும் எதையும் தின்னாது, எத்தனை நடை வேண்டும் என்று கேட்டிருந்தேன். ஒன்று என்பது விடை. அது பழைய கதையையே ஒப்பித்து ஏழு தடவை ஓடத்தை அக்கரைக்கும் இக்கரைக்கும் விட்டிருக்கிறது. கேள்வியைப் படிக்காமல் எழுதும் பையன்கள் என் வகுப்பிலும் இருந்தார்கள், அதுகூடப் பரவாயில்லை. ஏழுக்கு சரி போட்டு என் ஒன்றுக்குத் தப்புப் போட்டது யார் தெரியுமா, இன்னொரு சாட்பாட். ஆட்களுக்கு நேரமில்லை என்று விடை திருத்துவதையும் இயந்திரத்திடமே விட்டிருக்கிறீர்கள் என்று அறிவழகன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. மாணவர்கள் ஒருவர் தாளை ஒருவர் திருத்திக்கொண்டு டீச்சரை பெயில் ஆக்கினார்களாம், அதைப் பார்த்து நீ டீச்சரை டாக்டரிடம் அனுப்பினாயாம்.

சாத்தியமற்றது என்று அது சொன்ன புதிர் இதுதான். கயல்விழியின் அம்மாவைப் பெற்றவளே கயல்விழியின் கணவனையும் பெற்றவள், அப்படியானால் அந்தக் கணவன் கயல்விழியின் அம்மாவுக்கு என்ன வேண்டும். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர், கூடப் பிறந்தவன் என்பதைத் தவிர வேறு விடை கிடையாது. உன் அண்ணன் வீட்டிலிருந்து திரும்பியதும் நீ என் போனில் போட்டுக் கொடுத்த சாட்பாட்டில் நானே கேட்டேன். இப்படி ஒரு உறவு இருக்க முடியாது என்றது. இங்கே பெண்கள் தாய்மாமனைக் கட்டிக்கொள்வது உண்டு என்று எழுதினேன், மன்னிக்கவும், நீங்கள் சொல்வது முற்றிலும் சரி என்றது. சோதித்துப் பார்ப்போம் என்று, இல்லை, நான்தான் குழம்பிவிட்டேன், அப்படி ஒரு உறவு இருக்க முடியாது என்று எழுதினேன். அதற்கும் நீங்கள் சொல்வது முற்றிலும் சரி என்றது. முன்னால் நிற்பவர் முகத்தைப் பார்த்துப் பதிலை மாற்றுகிற ஒன்றின் பேச்சைக் கேட்டுத்தான் என் புத்தி சரியில்லை என்று முடிவு செய்திருக்கிறீர்கள்.

இயந்திரத்தை விடு, அது யாருக்கும் பிறக்கவில்லை, அதற்கு உறவு தெரியாது. நீ யாருக்குப் பிறந்தவள். உன் அப்பா சபாபதி என் அம்மாவின் கடைசித் தம்பி. புவனகிரியில் என் பாட்டி வீட்டுக்குத்தான் நான் மருமகளாகப் போனேன். நீ ஆயா என்று கூப்பிட்டவள் உனக்கு அப்பாவைப் பெற்ற ஆயா, எனக்கு அம்மாவைப் பெற்ற ஆயா. அம்மாவும் நானும் ஏன் ஒரே ஆளை ஆயா என்கிறோம் என்று நாலாம் வகுப்பில் நீயே கேட்டாய், நான் படம் வரைந்து காட்டினேன், உனக்கு உடனே புரிந்தது. அந்தப் புதிரில் இருக்கும் கயல்விழி நான்தான். சாத்தியமற்றது என்று உன் திரையில் வந்ததே, அது நடந்துதான் நீ பிறந்தாய். கடலூர் கான்வென்டில் நான் ஹாஸ்டலில் இருந்தபோது எனக்கு நிச்சயமான செய்தி கேட்டு சிஸ்டர் ஒருவர் கூப்பிட்டு, சொந்த மாமாவையா, அது நடக்கக் கூடாது என்றார். பத்திரிகை அடித்தாகிவிட்டது சிஸ்டர் என்றேன். அவர் முகம் சிவந்தது, ஆனால் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. அந்த முறையை நான் இன்றைக்குத் தூக்கிப் பிடிக்கவில்லை. பிள்ளைகளுக்கு ஆகாது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள், கேட்க வேண்டியதுதான், அதனால்தான் உங்கள் இருவருக்கும் வெளியில் பார்த்தோம். ஆனால் வேண்டாதது வேறு, நடக்காதது வேறு. உன் அப்பா கண்ணை மூடும்வரை அவரோடு நான் நாற்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தியிருக்கிறேன், அதை ஒரு இயந்திரம் என் மூளைக் கோளாறு என்று எழுதவும் என் பெண் அதை அண்ணனுக்கு அனுப்பவும் நான் சம்மதிக்க மாட்டேன்.

டாக்டரிடம் போவதற்கு எனக்குத் தடையில்லை, வயதாகிறது, பார்த்துக்கொள்வது நல்லதுதான். ஆனால் எனக்கு முன்னால் அந்தக் காகிதம் அவர் மேஜைக்குப் போகக் கூடாது. அவர் கேட்கட்டும், நான் பதில் சொல்கிறேன், அதை வைத்து அவர் முடிவு செய்யட்டும். கடலூருக்குப் போவதா இங்கேயே இருப்பதா என்பதை அதற்குப் பிறகு நானும் அறிவழகனும் பேசிக்கொள்கிறோம், என்றைக்காவது போகத்தான் வேண்டியிருக்கும், அது எனக்கும் தெரியும். பைத்தியம் என்ற பட்டத்தோடு போக மாட்டேன்.

மற்றபடி இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது, மொட்டை மாடியில் தண்ணீர் தேங்காமல் ஆள் வைத்துச் சுத்தம் செய்துவிட்டேன். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஆபீசுக்கு ஓடாதே, உனக்கு வயிற்றுப்புண் வந்தது ஞாபகம் இருக்கட்டும். மாப்பிள்ளைக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதம், நீ எல்லா நலமும் பெற்று நீண்ட நாள் இருக்க வேண்டும், கோபத்தில் எழுதினாலும் அதில் குறைவில்லை.

நீ செய்ய வேண்டியது இதுதான். அந்தக் கயல்விழி புதிரை இயந்திரத்திடம் கேட்காமல் ஒரு தாளில் நீயே போட்டுப் பார். பிறகு உன் அண்ணனுக்கு, அம்மா எழுதிய விடை சரி என்று எழுது. என் இரண்டு விடைகளையும் சரி என்று மாற்றச் சொல்லி உன் ஆபீசுக்கும் எழுது, அங்கே எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால், என் அப்பா அம்மா அப்படித்தான் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்று சொல். எனக்கு வேறொன்று தெரிய வேண்டும். அந்தப் புதிரைப் படிக்காமலே அனுப்பினாயா, அல்லது படித்துவிட்டு, அது நம் வீடுதான் என்று தெரிந்தும், கூட வேலை செய்பவர்களிடம் சொல்லக் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டாயா. முதலாவது என்றால் திட்டிவிட்டு விட்டுவிடுவேன். இரண்டாவது என்றால் எனக்கு என்ன செய்வதென்று இன்னும் தெரியவில்லை. எதுவானாலும் உண்மையைச் சொல். போன் செய்யாதே, மார்கழி பிறப்பதற்குள் உன் கையால் எழுதி எனக்குப் பதில் அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா
ச. ராமாமிர்தம்