மோகன் சிரித்த பெட்டி

ஞானம்மா, உன் முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம். நான் சொல்லச் சொல்ல, முதல் மாடி ரேகாம்மா எழுதித் தருகிறார்கள்.

நான் காவல் காக்கும் இந்த முகப்பேர் அடுக்குமாடியில், கேமரா படத்தை வாட்ச்மேன் அறைப் பெட்டியில் சேர்ப்பதா, கிளவுடு என்கிற நெட்டில் சேர்ப்பதா என்று கூட்டம் போட்டார்கள். நெட்டே போதும் என்று முடிவானது. பழைய படமும் அங்கே போயிருக்கும் என்று நம்பி, பெட்டியை நானே பழைய இரும்புக்காரனிடம் தூக்கிக் கொடுத்தேன். நம் மோகன் சாவதற்கு முந்தைய நாள் எனக்குச் சோறு கொண்டுவந்து சிரித்த படம் அதில்தான் இருந்தது.

"கிளவுடுல எம்புள்ள இருக்கானா தம்பி?" என்று கேமராவை மாற்றிவிட வந்த எலக்ட்ரீஷியனைக் கேட்டேன்.

"இன்னா தாத்தா, இனிமே வாசல் கேட்டாண்ட வர்றவங்கதான் அதுல இருப்பாங்க" என்றான்.

மோகனின் நீலச் சட்டையும் தூக்குவாளியும் என் கண்ணிலேயே நிற்கின்றன. உனக்கு எப்படிக் காட்டுவேன்? தைலம் ஒரு குப்பி யாரிடமாவது கொடுத்தனுப்பு. அந்தப் படம் பார்க்க வருவதாகச் சொன்னாயே, இனி நீ பஸ் ஏற வேண்டாம்.

உன் நடேசன்